பொம்மை புஸ்தகம்

காமிக்ஸ் படிக்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டவர்கள், மாட்டிக்கொள்ளாதவர்கள். சமீப காலமாக மூன்றாவதாக ஒரு வகை கிளம்பியிருக்கிறது. முப்பது வயசு தாண்டி, முன் மண்டையில் வெளிச்சம் விழுந்த பிறகு, திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை போகும் பஸ்ஸில் பட்டப்பகலில் பிரித்து வைத்துப் படிப்பவர்கள். இவர்களிடம் ஒரு சௌகரியம். பக்கத்து சீட்டில் யாரும் அவ்வளவு சீக்கிரம் உட்கார மாட்டார்கள்.

அடியேன் மூன்றாவது வகை.

"பி.காம். படிச்சுட்டு பொம்மை புஸ்தகம் படிக்கிறியேடா" என்பது என் அம்மாவின் நிரந்தர விமர்சனம். பி.காம். படித்ததால்தான் படிக்கிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டாள். மூன்று வருஷம் அக்கவுன்டன்சி படித்தவனுக்கு, எல்லா பக்கத்திலும் படம் இருக்கிற புத்தகம் என்பது எப்பேர்ப்பட்ட ஆறுதல் தெரியுமா? அந்தப் படிப்பில் 'குட்வில்' என்று ஒரு சமாச்சாரம் வரும். கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது, ஆனால் சொத்துக் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டில் காமிக்ஸுக்கு இருப்பது அதுதான். கடையில் பார்க்க முடிவதில்லை. ஆனால் "அட, இரும்புக்கை மாயாவி!" என்று சொன்னால், ஐம்பது வயசு ஆசாமிகள் எல்லாருக்கும் முகத்தில் பல்பு எரிகிறது.

பல்பு என்றதும் மாயாவியைச் சொல்லியாக வேண்டும். 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற பத்திரிகையில் பிறந்தவர். ஒரு கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் தனியாகத் தெரியும். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இவர் கதைதான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1970-ல், எண்ணூரில் அனல்மின் நிலையம் வந்துவிட்டது. அப்புறம் அத்திப்பட்டு, வல்லூர் என்று வரிசையாக வந்தன. ஏகப்பட்ட மின்சாரம் எங்கள் தலைக்கு மேல்தான் பாய்கிறது. இருந்தும் எங்கள் ஏரியாவில் ஒருத்தர்கூட மாயாவி ஆகவில்லை. அவ்வப்போது மறைந்தது கரன்ட் மட்டும்தான்.

<b>தீப்பெட்டியும் படக்கதையும்</b>

'காமிக்ஸுக்கும் சிவகாசிக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுக்கு வேண்டும். லேபிளில் மயிலோ புலியோ பளபளவென்று நாலு கலரில் இருந்தால்தான் சரக்கு விற்கும். அந்த லேபிளை அச்சடிக்க வந்த மிஷின்கள் பிறகு காலண்டர் அடித்தன, டயரி அடித்தன, அப்படியே படக்கதையும் அடித்தன. தீப்பெட்டிக் கம்பெனி எங்கள் திருவொற்றியூரிலும் இருந்தது - விம்கோ. கம்பெனி போய்விட்டது, பெயர் மட்டும் மெட்ரோ ஸ்டேஷனில் விம்கோ நகர் என்று தங்கியிருக்கிறது. அங்கே தீக்குச்சியிலிருந்து மாயாவி பிறந்தார். இங்கே தீக்குச்சியிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் பிறந்தது. அவரவர் அதிர்ஷ்டம்!

முத்து காமிக்ஸை ஆரம்பித்தவர் எம். சௌந்தரபாண்டியன். அவருடைய மகன் எஸ். விஜயன் டீன் ஏஜ் பையனாக இருக்கும்போதே, 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே 1984-ல்தான் ராணி காமிக்ஸும் வந்தது. ஜேம்ஸ் பாண்டை ராயபுரம் கல்மண்டபம் பெட்டிக்கடையில், வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கவிட்ட பெருமை அவர்களுடையது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஐந்தாறு பேர் காசு சேர்த்து ஒன்று வாங்குவோம். அட்டையைப் பிய்க்காமல் கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்ந்தால் அது அதிசயம். 2005-ல் ராணி காமிக்ஸ் நின்றது. லயனும் முத்துவும் தடுமாறித் தடுமாறி, 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' போட்டு, வழவழ ஆர்ட் பேப்பரில் கலரில் எழுந்து நின்றன.

இப்போது பெட்டிக்கடையில் கிடைப்பதில்லை. சந்தா கட்டினால் வீட்டுக்கு வரும். இல்லையென்றால் ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குப் போய், வேர்க்கடலைக்கும் டெல்லி அப்பளத்துக்கும் தப்பித்து, ஸ்டாலைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே கூட்டத்தைப் பார்த்தால் ஏதோ இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகள் மாநாடு மாதிரி இருக்கும். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "டெக்ஸ் புதுசு வந்துடுச்சா ஸார்?" என்று கேட்கிற அழகே தனி.

சரி, அலமாரிக்கு வருவோம். இந்த வாரம் வகைக்கு ஒன்றாக எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

<b>துப்பாக்கி வகை</b>

டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர். 1948-ல் பிறந்தும் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. 1985-ல் 'தலை வாங்கிக் குரங்கு' மூலம் லயனில் நுழைந்தவர், தமிழ் வாசகர்களின் 'தல'யாகவே ஆகிவிட்டார். கதை எப்போதும் ஒன்றுதான். கெட்டவன் தப்பு செய்வான், டெக்ஸ் வருவார், முகத்தில் குத்துவார். நடுவில் அவரும் கார்சனும் ஒரு வறுத்த கறித்துண்டுக்காக ஏங்குவார்கள். இதை நாற்பது வருஷமாக அலுக்காமல் படிக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் நம் ஆசைதான். எங்கள் தெருவில் தண்ணி லாரி வராத அன்றைக்கெல்லாம் எனக்கு டெக்ஸ் வில்லர் ஞாபகம் வருகிறார். புகார் மனு, டோக்கன், 'சார் சாப்பிடப் போயிருக்கார்' இதெல்லாம் அவரிடம் செல்லாது.

டெக்ஸ் சாம்பார் சாதம் என்றால் 'மின்னும் மரணம்' விருந்து. பிரான்ஸில் 1963-ல் சார்லியே எழுதி, ஜான் ஜிரோ வரைந்த 'ப்ளூபெரி'தான் தமிழில் 'கேப்டன் டைகர்'. மெக்சிகோவில் மறைத்து வைத்த தங்கத்தைத் தேடிப் போகிற கதையை 2015-ல் ஒரே குண்டுப் புத்தகமாகப் போட்டார்கள். டைகர் குளிக்க மாட்டார், ஷேவ் செய்ய மாட்டார், சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், ராணுவத்தில் கெட்ட பெயர். டெக்ஸ் நாம் ஆக விரும்புகிற ஆசாமி என்றால், டைகர் நாம் ஏற்கெனவே ஆகிவிட்ட ஆசாமி! ஜிரோவின் பாலைவனத்தைப் பார்த்தால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். தூக்கத்தில் மார்மேல் விழுந்தால் விலா எலும்பு நொறுங்கும் அளவுக்கு கனம் என்பது மட்டுமே குறை.

<b>'நான் யார்?' வகை</b>

தலையில் குண்டுக் காயத்தோடு ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகிறான். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கழுத்தெலும்புப் பக்கம் XIII என்று ரோமன் எண்ணில் பச்சை குத்தியிருக்கிறது. ஒரு வயதான தம்பதி காப்பாற்றுகிறார்கள். இதுதான் 'இரத்தப் படல'த்தின் ஆரம்பம். வான் ஹாம் எழுதி, வில்லியம் வான்ஸ் வரைந்து 1984-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய இந்தக் கதை அங்கே முடிய 2007 ஆயிற்று. தமிழில் துண்டு துண்டாகப் படித்தவர்கள், ஹீரோ 'நான் யார்?' என்று கேட்ட நாளில் கல்யாணம் ஆகாதவர்களாக இருந்து, அவன் கண்டுபிடிப்பதற்குள் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிட்டார்கள். 2010-ல் எண்ணூறு பக்கத்துக்கு மேல் கறுப்பு வெள்ளையில் ஒரே புத்தகமாகவும், 2018-ல் கலரிலும் வந்தது.

விறுவிறுப்பில் குறை சொல்ல முடியாது. ஒருவன் அடையாளத்தைத் தேடி ஓடுகிறான், ஒவ்வொரு ஊரிலும் அவனுக்கு வேறு பெயர், வேறு கொலைப் பழி. ஆனால் கதை நீள நீள, சதிக்குள் சதி, அதற்குள் இன்னொரு சதி என்று, சீட்டுக் கம்பெனி கணக்கு மாதிரி யார் யாருக்கு பாக்கி என்பது புரிய பேப்பரும் பேனாவும் தேவைப்படுகிறது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டே படித்தேன். தப்பில்லை.

பாவம், அவன் காசிமேட்டில் ஒதுங்கியிருக்கலாம். கதை நாலே பக்கத்தில் முடிந்திருக்கும். "நீ எந்தக் குப்பம்பா? எந்த போட்டு?" என்று இரண்டே கேள்வியில் எங்கள் ஆட்கள் பூர்வீகத்தையே எடுத்திருப்பார்கள்.

<b>சிரிப்பு வகை</b>

லக்கி லூக். தன் நிழலைவிட வேகமாகச் சுடும் கௌபாய். மோரிஸ் என்கிற பெல்ஜியம்காரர் 1946-ல் படைத்தது. இவர் வாயில் எப்போதும் சிகரெட் தொங்கும். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று 1983-ல் அதை எடுத்துவிட்டு, ஒரு புல்லைச் செருகினார் மோரிஸ். இதற்காக 1988-ல் உலக சுகாதார நிறுவனமே அவரைக் கௌரவித்தது. சிகரெட்டை விட்டதற்கு விருது வாங்கிய ஒரே கௌபாய் இவராகத்தான் இருக்கும்.

அக்கா பையனுக்கு பத்து வயசு. எந்நேரமும் செல்போன். அவனிடம் ஒரு லக்கி லூக்கை நீட்டினேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிசு பண்ணப் பார்த்தான். ஆகவில்லை.

"மாமா, இது மூவ் ஆகாதா?"

"நீ பக்கத்தைத் திருப்பினா மூவ் ஆகும்டா."

நம்பிக்கையில்லாமல் திருப்பினான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டால்டன் சகோதரர்கள் நாலு பேரும் உயரவாரியாக ஜெயிலில் சுரங்கம் தோண்டும் இடத்தில் 'க்ளுக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஜாலி ஜம்பர் என்கிற குதிரை தன் எஜமானனைப் பற்றி கமென்ட் அடித்ததும் பெரிய சிரிப்பு. முடித்துவிட்டு, "இன்னொன்னு கீதா மாமா?" என்றான்.

விலையைப் பார்த்தேன். அவன் பள்ளிக்கூடத்தில் அவனை மாதிரி நாற்பது பேர். அவர்கள் வீடுகளில் ஒரு நாள் கூலியில் பாதியைக் கொடுத்து ஒரு படக்கதை வாங்குவார்களா? மாட்டார்கள். பதிப்பாளரையும் குறை சொல்வதற்கில்லை. வெளிநாட்டுக்கு ராயல்டி, ஆர்ட் பேப்பர், கலர், குறைந்த பிரதிகள் - காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவனுக்கு அந்தக் கணக்கு புரிகிறது. ஆனால் நாற்பது வயசுக்காரர்கள் அறுபதாகும்போது அந்த ஸ்டாலில் யார் நிற்பார்கள் என்ற கணக்குதான் டேலி ஆகவில்லை. ஒரு நூலகத்துக்கு நாலு லக்கி லூக் வாங்கிப் போட்டால் போதும். தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் நூலகம் இருக்கிறது, பையன்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பொம்மை புஸ்தகம் மட்டும்தான் இல்லை.

<b>ராஜா ராணி வகை</b>

'பொன்னியின் செல்வ'னை நிலா காமிக்ஸ் படக்கதையாகப் பாகம் பாகமாகக் கொண்டுவருகிறார்கள். தைரியசாலிகள்! 1950-ல் 'கல்கி'யில் தொடர் ஆரம்பித்தபோதே மணியம் வந்தியத்தேவனுக்கு ஒரு முகம் கொடுத்துவிட்டார். 2022-ல் சினிமா இன்னொரு முகம் கொடுத்தது. அது தவிர, படித்த ஒவ்வொருவர் மனசிலும் ஒரு சொந்த நந்தினி இருக்கிறாள். இத்தனை பேருக்கும் நடுவில் ஒரு ஓவியர் பேனாவை எடுக்கிறதென்றால் சும்மாவா? நாவலைத் தொடப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு நல்ல வாசல்படி. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிடாமல் உள்ளேயும் போனால் சரி.

<b>'கிராபிக் நாவல்' வகை</b>

காமிக்ஸுக்கும் கிராபிக் நாவலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், விலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது என் வழக்கம். கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால், பெரியவர்கள் விஷயத்தைப் பெரியவர்களுக்குச் சொல்கிற படக்கதை. நாஜி முகாமிலிருந்து தப்பிய தன் அப்பாவின் கதையை, யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியர்களைப் பூனைகளாகவும் வரைந்து அமெரிக்காவில் ஆர்ட் ஸ்பீகல்மேன் எழுதிய 'மவுஸ்' 1992-ல் புலிட்சர் பரிசு வாங்கியது. அன்றைக்கே 'பொம்மை புஸ்தகம்' என்கிற கிண்டலுக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் அம்மாவுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

இந்த வகையில் நம் நாட்டில் வந்ததில் எனக்கு முதல் இடம் 'பீமாயணம்'. 2011-ல் நவயானா இங்கிலீஷில் வெளியிட்டது, தமிழில் காலச்சுவடு. அம்பேத்கர் வாழ்க்கையில் தண்ணீருக்கும் இருப்பிடத்துக்கும் பட்ட பாடு. துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்கிற கோண்ட் பழங்குடி ஓவியத் தம்பதி வரைந்திருக்கிறார்கள். வழக்கமான கட்டம் கட்டமான படம் கிடையாது. ஆளைக் கட்டத்துக்குள் அடைப்பதில் தங்களுக்கு விருப்பமில்லை என்று விட்டுவிட்டார்கள். ரயில் பாம்பாக வளைகிறது. நல்லவர்கள் பேசினால் வசனம் பறவை வடிவத்துக்குள் வருகிறது. சாதித் திமிரில் பேசுகிறவர்களின் வசனத்துக்குப் பின்னால் தேள் கொடுக்கு! நம் ஊரில் எத்தனை பேர் பேச்சுக்கு இந்தக் கொடுக்கை ஒட்டவைக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். பட்டியல் நீளமாகப் போனதால் நிறுத்திவிட்டேன்.

சிறுவன் பீம், அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போய், 'மஹர்' என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்து, ராத்திரி முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காமல் தவிக்கிற இடம் வருகிறது. 1901-ல் நடந்தது. கலர் கலர் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தப் பக்கத்தைச் சட்டென்று திருப்ப முடியாது.

ஈரானியப் பெண் மர்ஜான் சத்ரபி, 1979 புரட்சியையும் போரையும் ஒரு துடுக்குக்காரச் சிறுமியின் கண்ணால் சொன்ன 'பெர்செபொலிஸ்' தமிழில் 'ஈரான்' என்ற பெயரில் விடியல் வெளியீடாக வந்திருக்கிறது. கறுப்பு வெள்ளை, குழந்தை வரைந்த மாதிரி கோடு. முதல் பத்து பக்கம் 'இதென்ன படம்!' என்று தோன்றும். அப்புறம் படம் என்பதே மறந்துவிடும்.

கடைசியாக 'நிஜங்களின் நிசப்தம்'. துப்பாக்கியும் குதிரையும் போட்டுப் பழகிய சிவகாசிக்காரர்களே இதைப் போட்டார்கள் என்பதற்காக ஒரு சலாம். பிலிப் க்ளோதேலின் நாவலை மனு லார்சனே வரைந்தது. போர் முடிந்த ஒரு மலைக் கிராமம். வெளியூர் ஆள் ஒருவன் வந்து தங்குகிறான். யாரோடும் வம்பு தும்பு இல்லை. ஊர்க்காரர்கள் முகங்களை வரைகிறான், அவ்வளவுதான். படங்களை ஊருக்குக் காட்டுகிறான். ஒவ்வொருத்தன் படத்திலும், அவன் போர்க்காலத்தில் செய்த காரியம் முகத்தில் எழுதி ஒட்டின மாதிரி தெரிகிறது. ஊரே சேர்ந்து அவனைக் கொன்றுவிடுகிறது. அப்புறம், 'நடந்ததை அறிக்கையாக எழுது' என்று முகாமிலிருந்து பிழைத்து வந்த ஒருவனிடம் கொடுக்கிறார்கள். மேற்கொண்டு சொல்ல மாட்டேன். டெக்ஸ் ரசிகர்கள் சிலர் 'இது என்ன ஸார், சண்டையே இல்லை' என்று அலுத்துக்கொள்ளலாம். முகத்தைச் சரியாக வரைந்ததற்காக ஒருவனைக் கொல்வார்கள் என்றால், படம் போடுவதற்கு இருக்கிற சக்திக்கு வேறு சர்டிபிகேட் வேண்டுமா?

<b>நைனா படித்த புத்தகம்</b>

மேஜைமேல் மிச்சம் இருப்பது 'வன்னி'. இங்கிலீஷ் புத்தகம், 2019-ல் வந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லிண்ட்சே பொல்லாக். டிக்ஸ் ஐ.நா. ஊழியராகக் கிளிநொச்சியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா.வினர் வன்னியை விட்டுக் கிளம்பியபோது, 'எங்களை விட்டுப் போகாதீங்க' என்று வாசலில் நின்ற ஜனங்களைப் பார்த்துவிட்டு வந்தவர். அப்புறம் பிழைத்து வந்தவர்களைத் தேடித் தேடிப் பேசி, ஒரு மீனவக் குடும்பத்தின் கதையாக இதைச் செய்திருக்கிறார்கள். 2004 சுனாமியில் தொடங்கி 2009 முள்ளிவாய்க்கால் வரைக்கும், அதற்கப்புறமும் போகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். அறுபது வருஷம் கடலுக்குப் போனவர். தெருவுக்கே 'நைனா'. இங்கிலீஷ் தெரியாது; தமிழும் எழுத்துக் கூட்டித்தான். திண்ணையில் என் பக்கத்தில் இருந்த புத்தகத்தை எடுத்தார்.

"இன்னாபா, படம் போட்ட புக்கு?"

"சிலோன் கதை நைனா. போர்ல நடந்தது."

புரட்ட ஆரம்பித்தார். படகு, வலை, கரை, பிள்ளைகள் விளையாட்டு என்று மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அலை வருகிற பக்கத்தில் விரலை வைத்தார். ரொம்ப நேரம் திருப்பவேயில்லை.

"அன்னிக்கு ஞாயித்திக்கெயம" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைதான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்கிற ஆள் யாரும் கிடையாது.

அப்புறம் ஒவ்வொரு பக்கமாகப் போனார். ஒரு எழுத்து படிக்கவில்லை. பதுங்குகுழி, மரத்தடியில் ஆஸ்பத்திரி, மூட்டை தூக்கிக்கொண்டு நடக்கிற கூட்டம். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முடிந்ததும் புத்தகத்தை மூடி, அட்டையைத் துண்டால் துடைத்துக் கையில் கொடுத்தார்.

"ஜனங்க எல்லாம் நம்மள மாரியே கீறாங்கப்பா. கைலியக் கட்டிகினு, கொடத்த எடுத்துகினு... அலைல தப்பிச்சிக்கினு போய் இப்டி மாட்டிகினாங்களே."

நூறு கட்டுரையும் ஆயிரம் புள்ளிவிவரமும் செய்யாத வேலை. இங்கிலீஷ்காரர் எழுதி, இங்கிலீஷ்காரர் வரைந்து, இங்கிலீஷ் தெரியாத ஒரு ராயபுரத்துக் கிழவருக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. படக்கதையைத் தவிர வேறெதனால் இது ஆகும்? இந்தப் புத்தகத்துக்கு மார்க் போடப் போவதில்லை. நைனா அட்டையைத் துடைத்துக் கொடுத்தாரே, அதுவே போதும்.

<b>நம்ம கதை?</b>

இதையெல்லாம் படித்து முடித்தபிறகு ஒரு சந்தேகம். வன்னி வந்தாச்சு, ஈரான் வந்தாச்சு, மெக்சிகோ பாலைவனமும் வந்தாச்சு. நர்மதை அணைக்கட்டால் துரத்தப்பட்ட பழங்குடிகளைப் பற்றி ஒரிஜித் சென் 1994-லேயே 'ரிவர் ஆஃப் ஸ்டோரிஸ்' வரைந்தார். நம் சென்னையைச் சேர்ந்த ப்ளாஃப்ட்தான் 2022-ல் அதை மறுபதிப்பு செய்தது. திருவான்மியூர் தாரா புக்ஸ் வங்காளம் வரைக்கும் போய், மோய்னா சித்ரகாரை வைத்து சீதையின் ராமாயணம் கொண்டுவந்தது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எங்கே?

சினிமாக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 'மெட்ராஸ்', 'வடசென்னை', 'சார்பட்டா பரம்பரை' எல்லாம் வந்தன. நல்லதுதான். ஆனால் சினிமாவுக்குக் கோடி வேண்டும், ஹீரோ வேண்டும், பாதிப் படத்தில் யாராவது கத்தியை எடுக்க வேண்டும். படக்கதைக்கு ஒரு பென்சிலும் இரண்டு வருஷப் பிடிவாதமும் போதும்.

விஷயமா இல்லை? 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பின ஸ்டேஷன் ராயபுரத்தில் இன்னும் தூண்களோடு நிற்கிறது. பட்டினத்தார் வந்து அடங்கின கடற்கரை திருவொற்றியூர். டயர், லாரி, மோட்டார் சைக்கிள், உரம், பெட்ரோல், மின்சாரம் எல்லாவற்றையும் நாட்டுக்குக் கொடுத்துவிட்டு, சாம்பலை மட்டும் தனக்கு வைத்துக்கொண்ட ஊர் எண்ணூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் பரவியது. வெள்ளை நாரை கறுப்பு நாரையாக நின்றது. ஆற்றில் இறங்கி கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர்கள், கையில் தாரோடு கரையேறினார்கள். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். தேதியைக் கவனியுங்கள். நைனா விரல் வைத்த பக்கத்தின் அதே தேதி, பத்தொன்பது வருஷம் கழித்து.

பேப்பரில் நாலு நாள் வந்தது. அப்புறம் கமிட்டி, அறிக்கை, நிவாரணம், அடுத்த செய்தி. அறிக்கையில் 'பாதிக்கப்பட்ட குடும்பங்கள்' என்று ஒரு எண் இருக்கும். எண்ணுக்கு முகம் கிடையாது. அந்த எண்ணைத் தொகுப்பதைத்தான் எனக்கு மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். முகம் போடச் சொல்லித்தரவில்லை. அதற்கு வேறு ஆள் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கட்சிக்காரர் முகத்தை முப்பதடி சுவரில் ஒரே ராத்திரியில் எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கேரம் போர்டு கிளப் வாசலில் பாக்ஸரை வரைகிறவர்கள், படகு மூக்கில் மாதாவையும் அம்மனையும் எழுதுகிறவர்கள், எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு கம்ப்யூட்டரில் கல்யாண பேனர் போடுகிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். தம்பிகளா, தங்கச்சிகளா, உங்களில் யாராவது ஒருத்தர் ஆரம்பியுங்கள். இரும்புக்கை வேண்டாம், இறால் தடவுகிற கையே போதும். முகத்தை மட்டும் சரியாக வரைந்துவிடுங்கள். சிலபேருக்குப் பிடிக்காது. அதுதான் சரியாக வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

வந்தால் முதல் பிரதி என் செலவில் நைனாவுக்கு. இரண்டாவது, அம்மாவுக்கு.

<b>கொசுறு:</b> 'டிங்கிள்' பத்திரிகையின் அசட்டு வேலைக்காரன் சுப்பாண்டியைத் தெரியும்தானே? இந்தியா முழுக்கப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறவன். 1983-ல் வந்த அவனுடைய பூர்வீகம் நம் தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கதை! முதலாளி சொன்னதை அப்படியே செய்து, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு, "நீங்கதானே எஜமான் சொன்னீங்க?" என்பான். எண்ணூர் பற்றின அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் அவன் அரசாங்க வேலைக்குப் போய்விட்டானோ என்று சந்தேகமாக இருக்கிறது.